வலது அக்குளில் ஒரு கிளை

படகுப்போட்டியின் இறுதிச் சுற்று மாலை நாலு மணிக்கு. பிச்சித் ஊரே ஆற்றங்கரையில் கிடந்தது. முன்வரிசைத் துடுப்புக்காரர் பூன்லெர்ட் மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு டாக்டர் ரட்சனியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வலி ஊசியப் போட்டு விட்டுடும்மா. நான் இல்லாட்டி படகு நகராது!"

காலை பதினொரு மணிக்குப் படித்துறையில் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது தோள் மூட்டு நழுவிவிட்டது. அதோடு விட்டார்களா? கூட்டாளி ஒருவன் அவர் அக்குளில் குதிகாலை ஊன்றி, கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து மூட்டை உள்ளே தள்ளிவிட்டான். படகுக்காரர்கள் எப்போதும் அப்படித்தான் செய்வார்களாம். ஐம்பத்தெட்டு வயதில் ரத்தக்குழாய்கள் விறைத்துப்போயிருக்கும் என்று குதிகாலுக்கு எங்கே தெரியப்போகிறது!

சர்ஜன் தாவோர்ன் வந்தார். கைவேலையில் மன்னன், வாயில்தான் மிளகாய். மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"நாடி நல்லாத்தான் துடிக்குது. கைய கழுத்தோட கட்டித் தொங்கவிட்டு அனுப்பு."

நாடி ரட்சனிக்கும் தெரிந்தது. ஆனால் சுண்டுவிரல் ஜில்லென்று இருந்தது. முன்கை கல்லாக இறுகியிருந்தது. விரலை நீட்டிப் பார்த்தால் மனிதர் அலறினார். அக்குளில் வீக்கம் வேறு ஏறிக்கொண்டே போனது. நாடி இருக்கும் கையில் இதெல்லாம் எதற்கு?

அப்போதுதான் அவளுக்குக் கன்லயா அம்மாளின் நினைவு வந்தது.

மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுத்தவர்களை அங்கே யாரும் பிணம் என்று சொல்வதில்லை. 'பெரிய டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். கும்பிட்ட பிறகுதான் கத்தியையே எடுக்க வேண்டும். ரட்சனிக்கு வாய்த்த பெரிய டீச்சர்தான் இந்தக் கன்லயா அம்மாள், லம்பாங் ஊரில் நூடுல்ஸ் கடை நடத்தியவர். முழங்கைக்குக் கீழே பிரிய வேண்டிய ஒரு தமனி அவருக்கு வலது அக்குளிலேயே அவசரப்பட்டுப் பிரிந்து, தனிவழியாக மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது. புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை. ஏதோ சிரை என்று நினைத்து ரட்சனி அதை வெட்டிவிட்டாள். பிறகு குழுவே மல்லிகை மாலை வைத்து டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகை இருக்கிறதே!

"சார், இவருக்கு மணிக்கட்டுக்குப் போற குழாய் அக்குள்ளேயே பிரிஞ்சிருக்குமோன்னு தோணுது. அதுக்குக் கீழ பெரிய குழாய் கிழிஞ்சிருந்தா?"

"தோணுதா? என்ன, ஜோசியம் பாக்குறியா?"

"இதப் பாருங்க சார். மாமா, கைய இறுக்கி மூடுங்க."

துடிக்கும் நாடியைக் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தாள். "இப்பத் திறங்க."

உள்ளங்கை சோறாக வெளுத்திருந்தது. சுண்டுவிரல் பக்கத்துக் குழாய் வேலை செய்தால், அழுத்தியபடியே வைத்திருந்தாலும் சில நொடிகளில் சிவந்துவிட வேண்டும். பதினைந்து எண்ணியும் சிவக்கவில்லை.

தாவோர்னின் முகம் மாறிவிட்டது. "தியேட்டரத் தயார் பண்ணச் சொல்லு. அஞ்சு மணி தாண்டினா சதை செத்துடும், அப்புறம் கையையே எடுக்கணும்."

"அப்ப போட்டி?" என்றார் பூன்லெர்ட்.

"இன்னைக்குத் துடுப்பு வேணுமா மாமா, காலத்துக்கும் கை வேணுமா?" என்றாள் ரட்சனி.

பூன்லெர்ட் வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டார். "கைய மட்டும் காப்பாத்திக் குடும்மா. அதுதான் எனக்குச் சோறு போடுது."

தோளின் முன்புறத்தைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்ததும் ரட்சனிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படியே கன்லயா அம்மாளின் அக்குள்! மேலே பிரிந்த கிளை ஒன்றும் தெரியாததுபோல் துடித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஓர் அங்குலம் கீழே பெரிய தமனி கிழிந்து அடைத்திருந்தது. தாவோர்ன் கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து எடுத்த சிரையை அந்த இடத்தில் வைத்து, முடியைவிட மெல்லிய இழையால் தைத்தார். ஒரு தையல் பிசகவில்லை. என்ன கையடா சாமி அது! குழாயை அடைத்திருந்த பிடியைத் தளர்த்தியதும் சுண்டுவிரல் மெல்லச் சிவந்தது.

"நான் வெறும் தையக்காரன்மா," என்றார் முகமூடிக்குள்ளிருந்து. "நாடியத் தொட்டதும் என் புத்தி அங்கயே நின்னுடுச்சு. உன் புத்தி நிக்கல. உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது?"

"பெரிய டீச்சர், சார்."

அவர் தோளை மூடித் தைக்க ஊசியைக் கேட்டார்.

மூன்றாம் நாள் பூன்லெர்ட்டுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "அரைப் படகு நீளத்துல தோத்துட்டானுங்க. நான்தான் சொன்னேன்ல?" என்று ஒரே குஷி. ரட்சனி அவருக்குக் கன்லயா அம்மாளின் கதையைச் சொன்னாள். தான் அந்தக் கிளையை வெட்டியதையும் மறைக்கவில்லை.

"இன்னும் மனசுல வச்சிருக்கியாக்கும்? போம்மா. நீ வெட்டிப் பாக்கணும்னுதான அந்தம்மா உடம்பையே குடுத்துச்சு."

சொல்லிவிட்டு இடது கையை நெஞ்சுக்கு உயர்த்தினார். வலது கை மெத்தையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எழும்பவில்லை.

"கொஞ்சம் பிடிச்சு விடும்மா. ஒத்தக் கையால எப்படிக் கும்பிடுறது?"

ரட்சனி அந்தக் கையைத் தாங்கித் தூக்கி இடது உள்ளங்கையோடு சேர்த்து வைத்தாள். சுண்டுவிரல் கதகதவென்று இருந்தது. அவர் தலை குனிந்து, "கன்லயா டீச்சர்," என்றார்.