அரைப் பக்கம்

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல. அக்கா என்னிடம் யோசனை கேட்க வந்தாள். நான் கதை எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீதிபதி தங்கப் பேனாவைத் திறந்தபோது வெளியே இடி…" (அடித்துவிட்டேன். அவரிடம் இருந்தது சாதாரண நீலப் பேனா. இடியும் கிடையாது.)

2.

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். நீதிபதி சொல்லச் சொல்லக் கோடும் கொக்கியுமாக நோட்டில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்வாள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அந்தக் கொக்கிகள் அவளுக்கு மட்டுமே புரிபவையாகிவிட்டன. பக்கத்து மேஜைக்காரரால்கூட ஒரு வரி படிக்க முடியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின், நீதிபதி தன் அறையில் ஒரு கொலை வழக்கின் தீர்ப்பைச் சொல்லத் தொடங்கினார். குற்றம் சாட்டப்பட்டவன் ஒரு லாரி டிரைவர். அவனுடைய வக்கீல் இறுதி வாதம் வைக்க வேண்டிய நாளோ வியாழக்கிழமை.

"ஐயா, அவங்க தரப்பு வாதம் இன்னும்…" என்று அக்கா இழுத்தாள்.

"அதுக்கு அரைப் பக்கம் இடம் விட்டு வைங்கம்மா. அப்புறம் நிரப்பிக்கலாம்."

விட்டாள். அதற்குக் கீழே தண்டனையை எழுதினாள். ஆயுள்.

வியாழக்கிழமை வக்கீல் முக்கால் மணி நேரம் பேசினார். கொலை நடந்த நேரத்தில் டிரைவர் வேறு ஊரில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான் என்று கிடங்குப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். அன்று மாலை அந்த இடத்தில் நீதிபதி நிரப்பச் சொன்னது நான்கு வரி. பதிவேடு அதில் இல்லை. மீதி இடம் நோட்டில் வெள்ளையாகவே நின்றது. வெள்ளிக்கிழமை தீர்ப்பு வாசித்தார்கள்.

3.

என் முதல் பிரதியில் நீதிபதி லஞ்சம் வாங்குபவர். அக்கா படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அவர் கை சுத்தம்டா. என் ஆபரேஷனப்ப ரெண்டு மாசம் லீவு குடுத்தவர்."

"அப்ப ஏன் இப்படிப் பண்ணார்?"

"கேஸ் மலையாட்டம் கிடக்கு. மாசம் இத்தனை தீர்ப்பு வரணும்னு மேல இருந்து கேக்கிறாங்க. வாதத்தைக் கேட்டாலும் கேக்காட்டாலும் முடிவு ஒண்ணுதான்னு அவருக்கு ஒரு நம்பிக்கை."

லஞ்சக்காரராக இருந்திருந்தால் என் வேலை சுலபம். உங்களுக்கும் நிம்மதி. நல்ல மனிதர் ஒருவர், காது கொடுக்காமலேயே ஒருவனை ஆயுள் முழுக்க உள்ளே தள்ளினார் என்று எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

4.

நாற்பது பக்கத் தீர்ப்பு மறுநாள் காலைக்குள் எப்படித் தயாரானது என்று வக்கீல் புகார் கொடுத்தார். மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு வந்தது. வியாழன் மாலைதான் முழுவதையும் சொன்னதாக நீதிபதி எழுதிக் கொடுத்துவிட்டார். நோட்டு இப்போது குழுவிடம் இருக்கிறது. கொக்கிகளை அவர்களால் படிக்க முடியவில்லை. நடுவில் கிடக்கும் வெற்றிடத்தைப் பார்க்க யாருக்கும் பயிற்சி தேவையில்லை. அது ஏன் வந்தது என்று அக்கா நாளைக் காலை பதினொரு மணிக்குச் சொல்ல வேண்டும்.

(யாரும் கேட்காத அடிக்குறிப்பு: யோசனை கேட்க வந்தவளிடம் நான் சொன்னது இதுதான். "எழுதறப்ப தவறி இடம் விட்டுப்போச்சுன்னு சொல்லிடுக்கா. ஓய்வுக்கு ரெண்டே வருஷம். எதுக்கு வம்பு?" இதைக் கடைசிவரை உங்களிடம் மறைப்பதாகத்தான் இருந்தேன்.)

5.

முடிவு அ: அக்கா நிமிர்ந்து நின்று உண்மையைச் சொல்கிறாள். அறையே வாயடைத்துப் போகிறது. சிறைக் கதவு…

முடிவு ஆ: "தவறி இடம் விட்டுப்போச்சு" என்கிறாள். வீட்டுக்கு வந்து நெடுநேரம் கை கழுவுகிறாள். தண்ணீர்…

இன்று சாயங்காலம் இரண்டையும் அவளிடம் காட்டினேன். இரண்டையும் குறுக்குக் கோடு போட்டு அடித்தாள்.

"அந்த ஒரு நோட்டுலதான் இடம் விட்டிருக்கேன்னு நினைச்சியா?"

அடித்த தாளை மடித்து என் கையில் வைத்தாள்.

"ஆபீஸ் பீரோல இன்னும் பதினோரு நோட்டு இருக்கு. நான் 'ஐயா'ன்னு இழுத்ததா எழுதியிருக்கே பாரு, அன்னிக்கு நான் அப்படிக் கேக்கவே இல்லடா. மொத மொத ஒரு தடவை கேட்டேன். அப்புறமெல்லாம் அவர் சொல்றதுக்கு முன்னாடியே நானே இடம் விட்டுடுவேன்."

"இதை அவங்ககிட்ட சொன்னா உன் வேலையும் போயிடும்கா."

"வேலை மட்டுமா?"

இரண்டாம் பகுதியைத் திருத்த வேண்டும். திருத்தவில்லை. அவளைக் கொஞ்சம் நல்லவளாக்கிக் காட்ட நான் சொன்ன பொய் அங்கேயே இருக்கட்டும்.

6.

அக்கா பக்கத்து அறையில் நாளைக்கான துணியை இஸ்திரி போடுகிறாள். டிரைவர் உள்ளே போய் ஐந்து மாதம் ஆகிறது. மற்ற பதினோரு நோட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் யாருக்கும் இந்தக் கதை படிக்கக் கிடைக்காது. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

"என்னடா, நான் என்னதான் சொல்லட்டும்?" என்று அங்கிருந்தே மறுபடி கேட்கிறாள்.

நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். இந்தத் தடவை நீங்கள் சொல்லுங்கள்.