முகம் தெரியாத ஆள்

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கட்டும் புடவையில் வந்திருந்தாள் ஹெலன். மர்பி டவுனிலிருந்து பஸ் பிடித்து, சிவாஜிநகரில் வக்கீல் யாமினியின் அறைக்கு வந்து, லேப்டாப் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் வெவ்வேறு நாட்டுச் சட்ட நிபுணர்கள். அவளுடைய தமிழை யாமினி அவர்களுக்கு இங்கிலீஷில் சொன்னாள்.

அவள் கணவன் டொமினிக் கோலார் தங்கவயலிலிருந்து வந்த பெயின்டர். சிறுநீரகம் கெட்டு அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குப் போய்வந்தான். புதிது என்று வாங்கிய மெஷின்களெல்லாம் பெயின்ட் அடித்த பழசு. அவை பாதியில் நின்றுநின்று, ஒரு மழைக்காலத்தில் அவனும் வார்டில் இன்னும் பலரும் செத்தார்கள். மேலிடத்துக்குப் பங்கு கொடுத்து அவற்றை விற்ற கம்பெனி முதலாளி வெளிநாட்டில் குடியேறிவிட்டார். குற்றம் நடந்தது எங்கள் நாட்டில் இல்லை என்று அங்கிருந்த கோர்ட் கையை விரித்தது. கூட்டக்கொலையை எந்த நாட்டுக் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்பதுபோல, இத்தனை பெரிய கொள்ளையையும் விசாரிக்கலாமா என்று ஆராயத்தான் இந்தக் குழு.

வயதான நீதிபதி ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டார்.

"அந்த ஆளுக்கு உங்க வீட்டுக்காரரை யாருன்னே தெரியாது. கொல்லணும்னும் நெனக்கல. இதை எப்படிக் கொலையோட சேக்கறதுன்னு கேக்கறார்க்கா," என்றாள் யாமினி.

ஹெலனுக்குக் கோபம் வரவில்லை. அவளே தன்னிடம் பலமுறை கேட்டுக்கொண்டதுதான்.

"தெரியாதுதான் சார். தெரிஞ்சிருந்தா எங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணாவது நல்ல மெஷினா போட்டிருப்பாரு. அந்த எரக்கம் யாருக்கும் இருக்கும். வார்டுல ஒருத்தரையும் தெரியல. அதான் அவ்ளோ பேரையும் சாவ வுட்டாரு."

யாமினி மொழிபெயர்க்கத் தொடங்கி, நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

முடிவுக்கு வருஷங்கள் ஆகலாம், ஒன்றும் நடக்காமலும் போகலாம் என்றார் நீதிபதி. ஹெலன் தலையாட்டினாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் நாளைக்குச் சரியாகிவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவர் அப்படிச் சொல்லாதது ஆறுதலாக இருந்தது.

கூட்டம் முடிந்து, திரையில் முகங்கள் இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நீதிபதி மட்டும் கேமராவை அணைக்க மறந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

யாமினி லேப்டாப்பை மூடக் கை நீட்டினாள்.

"இருக்கட்டும் மேடம்," என்றாள் ஹெலன்.

அவர் முதுகு காட்டியபடி நின்றிருந்தார். பனி உள்ளே வந்து, மேஜையில் அவள் சொன்னதை அவர் குறித்துவைத்திருந்த காகிதங்களின் மேல் விழுந்தது.