வழிமொழிய ஆளில்லாத பங்கு

ஆறு வருஷத்தில் வெர்டெல் ஸ்கோக்ஸ்டாட் வாயைத் திறந்து ஒரு பங்கைச் சிபாரிசு செய்தது ஒரே ஒரு தடவைதான். குடி முழுக அந்த ஒரு தடவையே போதுமானதாக இருந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எங்கள் ஊர் மாதாகோயில் கீழ்த்தளத்தில், மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது பெண்கள் கூடுவார்கள். ஆளுக்கு இருபத்தைந்து டாலர் போட்டுக் கம்பெனிப் பங்குகள் வாங்குவார்கள். முதலீட்டுச் சங்கம் என்று பெயர். முதலில் காப்பி, அப்புறம் எலுமிச்சைக் கேக், கடைசியில்தான் முதலீடு. ஆனால் சட்டதிட்டம் மட்டும் நாடாளுமன்றம் கெட்டது போங்கள். எதை வாங்குவதானாலும் விற்பதானாலும் ஒருத்தி முன்மொழிய வேண்டும், இன்னொருத்தி வழிமொழிய வேண்டும், அதற்கப்புறம்தான் கை தூக்கலாம். வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் அங்கேயே செத்தது.

வெர்டெல் இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு ஓய்வு பெற்றவள். சங்கத்தில் சேர்ந்த நாளாக மற்றவர்கள் எதற்குக் கை தூக்கினாலும் கூடத் தூக்கிக்கொண்டிருந்தாள். போன அக்டோபரில் திடீரென்று எழுந்து, படகுக் கம்பெனி ஒன்றை வாங்கலாம் என்றாள். தொண்ணூறு மைல் தள்ளியிருந்த அந்தத் தொழிற்சாலையில் அவள் மகன் ட்ராவிஸ் மேற்பார்வையாளனாக இருந்தான். அவள் சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: பத்தாயிரம் ஏரி இருக்கிற மாநிலத்தில் படகு விற்காமலா போகும்?

கம்பெனிக்குக் கடன் எவ்வளவு, லாபம் எவ்வளவு, லாபத்தோடு பார்த்தால் பங்கின் விலை அதிகமா குறைச்சலா, இதையெல்லாம் ஒருத்தியும் கேட்கவில்லை. சங்கத் தலைவியும் வெர்டெலின் பள்ளிக்கூடத் தோழியுமான மார்லிஸ் மட்டும், "இது கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்கு" என்றாள். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. ஆனால் பெருமையில் மிதந்துகொண்டிருந்த வெர்டெலுக்கு அது காதில் ஏறவில்லை. செயலாளர் அயோன் வழிமொழிந்தாள். பங்கு இருபத்துநாலு டாலர் வீதம் இருநூறு பங்கு வாங்கினார்கள். சங்கத்தின் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பாகம் அதில் போயிற்று. பணத்தை இப்படி ஒரே இடத்தில் கொட்டாதே என்று ஆரம்பப் பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. சங்கத்திடம் அந்தப் புத்தகமும் இருந்தது. மேஜை சுடாமலிருக்க அதன்மேல்தான் காப்பிக் கூஜாவை வைப்பார்கள்.

பிப்ரவரி வரைக்கும் விலை இருபத்திரண்டில் நின்றது. அப்புறம் சறுக்க ஆரம்பித்தது. வாங்கின கடனுக்கு வட்டி கட்டவே கம்பெனிக்கு மூச்சு வாங்கியது. ஏப்ரலில் பதினைந்து டாலர்.

இதற்கு நடுவில் மார்ச்சில் ட்ராவிஸ் வேலையை விட்டுவிட்டான். கேண்டஸ் என்ற பெண்ணோடு சேர்ந்து, திருவிழாவுக்குத் திருவிழா வண்டியை ஓட்டிக்கொண்டு போய்க் குட்டி டோனட் பொரித்து விற்கிறானாம். மேற்பார்வையாளன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள், எந்த முகத்தோடு இதைச் சொல்வாள்? யாராவது விசாரித்தால், "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லைதான்.

பங்கு விழ விழ அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றவர்களின் காசு அல்லவா? கூஜாவுக்கு அடியிலிருந்த புத்தகத்தை உருவி வீட்டுக்குக் கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டை முதல் அட்டை வரை படித்தாள். நாம் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது பங்குக்குத் தெரியாது, திரும்ப இருபத்துநாலு வரட்டும் என்று காத்திருப்பது வெறும் ஆசை என்று அதில் போட்டிருந்தது. ஏப்ரல் கூட்டத்தில் எழுந்து, விற்றுவிடலாம் என்று முன்மொழிந்தாள்.

எட்டுப் பெண்களும் அவரவர் காப்பிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். வழிமொழிய ஒருத்தியும் இல்லை. மே மாதம் விலை பன்னிரண்டு. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டு எல்லோருக்கும் கொடுத்து மறுபடி முன்மொழிந்தாள். அழகான கையெழுத்து என்று அயோன் பாராட்டினாள். வழிமொழியவில்லை. மாதாமாதம் பங்குகளின் பெயரை அயோன் வாசிக்கும்போது, படகுக் கம்பெனி வந்தால் மட்டும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்துவாள். வெர்டெலுக்கு மானம் போயிற்று. வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள், நான் பண்ணின முட்டாள்தனம் மாதாமாதம் என் கண்ணில் படத்தான் என்று நினைத்தாள்.

ஜூனில் ஒன்பது டாலர். கூட்டம் ஆரம்பிக்குமுன் மார்லிஸ் கோப்பை எடுக்கச் சமையலறைக்குப் போனாள். வெர்டெலும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏன்டி யாரும் வழிமொழிய மாட்டேங்கறீங்க? என்னை அவமானப்படுத்தணும்னே வச்சிருக்கீங்களா?"

மார்லிஸ் துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள். "உன்னையா? உன் புள்ளைக்காகத்தான்டி வச்சிருக்கோம். நாம இருநூறு பங்கை வித்தா அந்தக் கம்பெனியில பணம் குறையும். பணம் குறைஞ்சா ஆளைக் குறைப்பான். நம்ம கையாலயே ட்ராவிஸ் வயித்துல அடிக்கணுமா? நீ பெரிய மனசு பண்ணி விக்கலாம்கறே. அதுக்காக நாங்க விட்டுடுவோமா? எவளும் வழிமொழியறதில்லைன்னு எட்டுப் பேரும் ஏப்ரல்லயே பேசி வச்சுட்டோம்."

வெர்டெல் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருஷமாக முதலீட்டுச் சங்கம் நடத்துகிறார்கள் மகராசிகள்.

"நாம வித்தா அதை வேற யாரோ வாங்கறான், அவ்வளவுதான்டி. கம்பெனி காசு வாங்கினது மொதமொதல்ல பங்கை வெளியிட்டப்போ. இப்ப நடக்கறது நமக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல. நீ உன் பழைய காரை வித்தியே, அதைச் செஞ்ச கம்பெனிக்கு என்ன போச்சு?"

"ஒண்ணும் போகல."

"இதுவும் அதேதான்."

மார்லிஸ் யோசித்தாள். புரிந்தது என்று முகமே சொன்னது. ஆனாலும் நல்ல மனசு லேசில் விடுமா? "இருந்தாலும் பையன் கேள்விப்பட்டா வருத்தப்படுவான் இல்ல? அம்மாவோட சங்கமே நம்மளை நம்பலையேன்னு. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டும்டி."

வெளியே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தன் மானம் பிழைக்கும், இவர்கள் காசு பிழைக்காது என்பது வெர்டெலுக்குத் தெரிந்துவிட்டது. அதிலும் இரண்டு பேர் விதவைகள், பென்ஷனில் பிடித்துப் பிடித்துப் போடுகிறவர்கள்.

கூட்டத்தில் எழுந்து மூன்றாவது தடவையாக முன்மொழிந்தாள். எல்லோரும் கோப்பைக்குள் குனிந்தார்கள். அவள் உட்காரவில்லை.

"ட்ராவிஸ் அங்க இல்ல. மார்ச்சுலயே நின்னுட்டான். திருவிழாவுல டோனட் விக்கிறான். எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அயோன் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப ஏப்ரல்லேர்ந்து ஆயிரத்து இருநூறு டாலர் போச்சே, அது அந்த வேலையில இல்லாத ஒருத்தனோட வேலையைக் காப்பாத்தறதுக்கா?"

அதற்கப்புறம் ஆறு பேர் ஒரே நேரத்தில் வழிமொழிந்தார்கள். யார் பெயரை எழுதுவது என்று அயோன் திண்டாடினாள். அங்கேயே தரகருக்குப் போன் போட்டு, இருநூறு பங்கையும் ஒன்பது டாலருக்கு விற்று முடித்தார்கள். யாரும் வெர்டெலைத் திட்டவில்லை. டோனட்டில் இலவங்கப்பட்டைப் பொடி போடுவானா என்று மட்டும் ஒருத்தி கேட்டாள். தன் பிள்ளைக்காக இத்தனை பேர் கேட்காமலே காசைத் தண்ணீரில் விட்டிருக்கிறார்களே என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, இவர்களைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. அதனால் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

கார் பக்கத்தில் நின்று ட்ராவிஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டினாள். பின்னால் எண்ணெய் பொரியும் சத்தத்தோடு அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"அதை இன்னுமா வச்சிருந்தீங்க? நான் என்னோட பங்கையெல்லாம் பிப்ரவரியிலயே வித்துட்டேனேம்மா. இருபத்திரண்டு டாலருக்கு. அந்தக் காசுலதான் இந்த வண்டியே வாங்கினேன்."

"அடப்பாவி, ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ அவ்வளவு பெருமையா வாங்கியிருந்தே. சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்."

இருபத்தெட்டு வருஷத்தில், பட்டாணியை வாரி எறிந்த பிள்ளையைக்கூட அவள் ஒரு அதட்டு அதட்டினது கிடையாது. அன்றைக்கு மாதாகோயில் வாசலில் நின்று போட்ட சத்தத்தில், எதிர்ச் சாரித் தபால் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள். என் மனசு கஷ்டப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும், நல்லவனாக இருந்து இருந்து என்னை நடுத்தெருவில் நிறுத்தாதே, இனிமேல் எதுவானாலும் மூஞ்சிக்கு நேரே அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று மூச்சு விடாமல் கத்தினாள்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"சரிம்மா, அப்ப சொல்லிடறேன்" என்றான் ட்ராவிஸ். "எனக்கும் கேண்டஸுக்கும் ஏப்ரல்லயே கல்யாணம் ஆயிடுச்சு."

வெர்டெல் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.