சிகரெட்டை விடுவதற்கு மூன்று கொட்டேஷன்

என் வீட்டுக்காரர் எபினேசருக்குக் கோவை கணபதியில் பம்ப்செட் ஒர்க்‌ஷாப். எதை வாங்குவதென்றாலும் மூன்று கொட்டேஷன், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டவணை, அதன் பிறகுதான் மற்ற பேச்சு. எங்கள் வீட்டு மிக்ஸி அப்படித்தான் வந்தது. அது வருகிறவரை ஐந்து மாதம் நான் அம்மியில் சட்னி அரைத்தேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மார்ச்சில் பேரன் பிறந்தான். எங்கள் குடும்பத்தில் முதல் பேரனை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது அம்மாவைப் பெற்ற தாத்தா. மகள் ஜோஸ்லின் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே சொல்லிவிட்டாள்.

“அப்பா, ஞானஸ்நானத்துக்கு முந்தி ஒரு மாசம் நீங்க சிகரெட்டைத் தொடக்கூடாதுங்க. இல்லீன்னா எங்க மாமனார்தான் தூக்குவார்.”

சம்பந்தி தாமஸ் பக்கத்தில் நின்று புன்னகைத்தார். காபிகூடக் குடிக்காத மனிதர். என் வீட்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“இன்னைக்கே விட்டுப்போட்டேன் கண்ணு” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் விடுவதற்கான கருவியைத் தேட உட்கார்ந்தார். வேப் என்று ஒரு பேட்டரி சிகரெட் இருக்கிறதாம். வெளிநாட்டில் அதை உறிஞ்சியே சிகரெட்டை விடுகிறார்களாம். புதிதாக ஆரம்பிப்பவருக்கு எது தோது என்பதுதான் கேள்வி. பேனா மாதிரி ஒன்று, தீப்பெட்டி அளவில் ஒன்று, டார்ச் லைட் மாதிரி ஒன்று. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், சூடேறும் கம்பிச்சுருள் எத்தனை ஓம், திரவம் ஒழுகுமா என்று மோட்டாருக்குப் போடுகிற அதே அட்டவணையைப் போட்டார். வீடியோ பார்த்தால் யோசனை வரும். யோசனை வந்தால் சிகரெட் வேண்டும். நாளைக்கு எட்டு பிடித்தவர் பதினாலுக்கு வந்தார்.

“ஏனுங்க, ஆராய்ச்சி முடியறதுக்குள்ள ஆளு முடிஞ்சுருவீங்களாட்ட இருக்குதே?”

“தப்பான மெஷினை வாங்கிப்போட்டு அப்புறம் ஆரு அவஸ்தைப்படறது?”

ஞானஸ்நானத்துக்கு முப்பத்திரண்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. தீப்பெட்டி அளவு. காந்திபுரத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் மாரப்பனிடம் போய் அட்டவணையை நீட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். மாரப்பன் ஒரு வரி விடாமல் படித்தார்.

“அருமையா எழுதியிருக்கறீங்க. ஆனா இதை நம்ம நாட்டுல விக்கவே கூடாதுங்களே. தடை போட்டு வருசக்கணக்காச்சுங்க. சிகரெட்டுன்னா பக்கத்துக் கடையிலயே இருக்குதுங்க.”

இவர் பக்கத்துக் கடைக்குப் போனார். அரசாங்கம் தன்னைத் திருந்த விடவில்லை என்று அன்றைக்கு முழுவதும் கோபமாகவே புகைத்தார்.

“அவ சொன்ன ஒரு மாசம் ஆரம்பிக்க இன்னும் ரெண்டு நாள் டைம் இருக்குதுங்க. சும்மா விட்டுப்போடுங்க” என்றேன்.

“சும்மா எப்படி விடறது?” நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

ஞானஸ்நானத்தன்று தாமஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். இவர் டயபர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜோஸ்லினுக்கு மனசு கேட்கவில்லை.

“பிடிங்கப்பா, ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

ஆசையாகத்தான் கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, விரல்களை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“வேண்டாங் கண்ணு, வெள்ளைச் சட்டை போட்டிருக்கறான்” என்றார்.

அவரை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.