கலக்கிக் கொடுத்த மோர்

எல்லாம் நார்மல் என்று சொன்ன டாக்டர்களைத்தான் பூபதிராஜா முதலில் சந்தேகப்பட்டான். பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டது அதற்குப் பிறகு.

வேலந்தாவளத்துக்கு மேற்கே தென்னந்தோப்பும் கடலைக்காடுமாகப் பிழைக்கிறவன். நாற்பத்தைந்து வயதிலும் உர மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் நடப்பான். அப்படிப்பட்ட ஆள் ஒருநாள் மடை திருப்பிக்கொண்டு நின்றபோது நெஞ்சு திடீரென்று தாறுமாறாக அடித்துக்கொண்டது. இடது கை மரத்தது. தொண்டையில் எலுமிச்சங்காய் அளவுக்கு என்னவோ ஒன்று வந்து நின்றது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவ்வளவுதான், முடிந்தது கதை என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தானாக அடங்கியது. வெயில் என்று விட்டுத் தொலைத்திருக்கலாம். ஆனால் அது அவனை விடவில்லையே! அடுத்த வாரம் சந்தையில் வந்தது. அப்புறம் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் பரிமாறும் நேரம் பார்த்து வந்தது.

கோயம்புத்தூரில் போய் ஈசிஜி எடுத்தான், எக்கோ எடுத்தான், வயிற்றுக்குக் குழாய் விட்டுப் பார்த்தான், தலையை ஒரு மிஷினுக்குள் நுழைத்துப் படம் எடுத்தான். எல்லாம் நார்மல்.

"மனுசன் செத்துச் செத்துப் பொழைக்கறேன், இவனுக நார்மலுங்கறானுக. மிஷினு ஓட்டையா, இல்ல இவனுக ஓட்டையா?" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினான். பெண்டாட்டி நர்மதா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றினாள்.

பாலக்காட்டில் ஒரு டாக்டரம்மாள்தான் ஸ்கேன் படங்களை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். உறக்கம் உண்டா, பேடி உண்டா, பயம் வருமா என்று மலையாளமும் தமிழுமாகக் கேட்டாள். நெஞ்சில் கேடில்லை, பயம்தான் இப்படி உடம்பைப் பிடித்து ஆட்டுகிறது, நோவு பொய்யில்லை, ஆனால் அதன் வேர் நெஞ்சில் இல்லை என்றாள். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். மருந்துக் கடைக்காரன் சும்மா இராமல், "டென்ஷனுள்ளவங்களுக்குக் குடுக்கறது" என்று சொல்லித் தொலைத்தான்.

பூபதிராஜாவுக்கு வந்ததே கோபம். "என்னையக் கிறுக்கன்னு சொல்றாளா அவ?" மாத்திரை அட்டையை ரோட்டில் வீசினான். நர்மதா குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். கண்ட இடத்தில் கிடந்தால் யாராவது பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும் என்று எடுக்கிறாள் போல என்று அவன் நினைத்தான். அப்புறம் அதை மறந்தும் போனான்.

அதன்பிறகு சில வாரத்தில் ஓர் அதிசயம் நடந்தது. நெஞ்சு அடங்கியது. படுத்தால் தூக்கம் வந்தது. தொண்டை உருண்டை எங்கே போனதென்று தெரியவில்லை. குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தது பலித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். தேங்காய் போடுகிறவர்களிடம் எரிந்து விழுவதை விட்டான். நர்மதா என்னவோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது அவனுக்குத் தெரியாது.

மகன் நன்றாக இருந்தால் பெற்றவளுக்குச் சந்தோஷம்தானே வர வேண்டும்? ஜானகியம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே வளவில் தனி அடுப்பு வைத்துப் பொங்கித் தின்கிறவள் அவள். மருமகள் வந்த நாள் முதல் அந்தச் சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டேதான் சோறு வடித்தாள்.

"ஏஞ்சாமி, முந்தியெல்லாம் கொழம்புல உப்புக் கொறஞ்சா வட்டலத் தூக்கி வீசுவே. இப்ப எதப் போட்டாலும் கம்முனு உண்டுபோட்டு எந்திரிச்சுப் போறே. அவ சொல்றதுக்கெல்லாம் சரிங்கறே. இது நீதானா?"

"ஒடம்பு நல்லாயிருச்சம்மா. அதான்."

"நல்லாயிருச்சா? உன்ற சித்தப்பனும் இப்படித்தான் சொன்னான். பொண்டாட்டி கைவெசம் குடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. கடைசி வரைக்கும் தலையாட்டிட்டே செத்தான்."

கைவிஷம் என்பது அந்தப் பக்கத்தில் மலையாளத்தாரும் தமிழரும் ஒன்றுபோல நடுங்குகிற சங்கதி. சோற்றிலோ மோரிலோ பொடியைக் கலந்து கொடுத்து ஆளை வசப்படுத்துவது, அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு உடம்பை உருக்கும் என்பது நம்பிக்கை. பூபதிராஜா, "போம்மா, பொழப்பில்லாம" என்று சிரித்துவிட்டுத்தான் எழுந்தான். ஆனால் தோப்புக்குப் போகிற வழியெல்லாம் யோசனை. உண்மைதானே, நான் ஏன் இப்போது கத்துவதில்லை? எனக்கு ஏன் கோபம் வருவதில்லை? கோபம் வரவில்லையே என்பதற்காகப் பயந்த ஆளை அந்த ஜில்லாவிலேயே அன்றுதான் பார்க்க முடிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து வேண்டுமென்றே சீக்கிரமாக வீட்டுக்கு வந்தான். செருப்பை வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியிலேயே விட்டுவிட்டுச் சமையலறை ஜன்னலோரம் நின்றான். நர்மதா ஒரு கரண்டியின் முதுகால் எதையோ நசுக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பொடி. அவன் குடிக்கிற டம்ளரில் அதைத் தட்டினாள், மோரை ஊற்றினாள், கலக்கினாள். கலக்கும்போது வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். திருடி பார்க்கிற பார்வை அது என்று அவனுக்குப் பட்டது.

கேட்டிருக்க வேண்டியதுதானே? உள்ளே போய், என்ன புள்ள அது என்று ஒரு வார்த்தை! நாக்கு எழவில்லை. மறுபடி நெஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவள் கொடுத்த மோரை வாங்கி, குடிக்கிற பாவனை காட்டி, வாழை மரத்தடியில் கொட்டினான். சாயங்காலம் அவள் போனில் தணிந்த குரலில் பேசுவதும் காதில் விழுந்தது.

"இல்லீங்கப்பா, அவிகளுக்குத் தெரியாது. மோர்லதானுங்க கலக்கிக் குடுக்கறேன். தீரப் போகுது, நீங்க வரும்போது வாங்கிட்டு வாங்க."

அடிப்பாவி! அப்பனும் மகளும் சேர்ந்தா!

அன்றிலிருந்து வீட்டில் கை நனைப்பதில்லை. வயிறு சரியில்லை என்பான், சந்தையில் தின்றேன் என்பான். வேலந்தாவளம் கடைவீதியில் போய் மூன்று வேளையும் புரோட்டா தின்றான். நர்மதா கெஞ்சிப் பார்த்தாள். "ஒரு டம்ளர் மோராச்சும் குடிங்க" என்றாள். அந்த மோரை மட்டும் அவள் விடாமல் நீட்ட நீட்ட, அவனுக்குச் சந்தேகம் இறுகிக்கொண்டே போனது. ஒரு வாரத்துக்குள் உடம்பு கெட்டது. தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் சுண்டுவது போலச் சுரீர் என்றது. கை நடுங்கியது. வியர்வையில் சட்டை ஊறியது. பார்த்தாயா, விஷம் உள்ளே பிடித்துக்கொண்டது, கொடுப்பது நின்றதும் ஆளைத் தேடுகிறது என்று ஜானகியம்மாள் விளக்கம் சொன்னாள். அவளே விசாரித்து ஆனைகட்டியில் ஆள் இருப்பதாகவும் சொன்னாள்.

ஆனைகட்டியில் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் பிச்சைமணி இருந்தான். கைவிஷம் எடுப்பதில் கெட்டிக்காரன் என்று பேர். பூபதிராஜாவைப் படுக்கவைத்தான். மூங்கில் குழலை அவன் வயிற்றில் வைத்து வாயால் உறிஞ்சினான். கன்னம் குழி விழ உறிஞ்சிவிட்டு, தட்டில் காறித் துப்பினான். கறுப்பாக ஓர் உருண்டை. அதில் மயிர் சுற்றியிருந்தது.

"பாத்துக்கங்க. சோறு போடற கைதான். அவ குடுக்கறத எப்பவாச்சும் அவளையே குடிக்கச் சொல்லிப் பாருங்க. வெச்சவ குடிக்க மாட்டா. கை நடுங்கும். சொந்தபந்தம், ஒறம்பரை முன்னால குடிக்கச் சொல்லுங்க, அப்பத்தான் ஒத்துக்குவா."

அது யாருடைய மயிர், எப்போது பிச்சைமணியின் வாய்க்குள் போனது என்று கேட்கிற புத்தி இருந்திருந்தால் பூபதிராஜா அங்கே எதற்குப் போகிறான்? தட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டான். இத்தனை வருஷம் என் பக்கத்தில் படுத்தவளா! பயமும் ஆத்திரமும் ஒருபக்கம் இருக்கட்டும், அவள் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்ற நினைப்புதான் அவனை அதிகம் உலுக்கியது. ஆனாலும் ஊருக்கு வந்து மாமனாருக்குப் போன் போட்டான். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேச வேண்டும் என்றான்.

மாமனார் அர்த்தநாரி வந்தார். பங்காளிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஜானகியம்மாள் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள். காலையில் நர்மதா கொடுத்த மோரை அவன் குடிக்காமல் மூடி வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்தான். கை நடுங்கியது அவனுக்குத்தான்.

"மாமா, உங்க புள்ளையக் கேளுங்க. இதுல என்னத்தக் கலக்கறாளுன்னு. நான் கண்ணால பாத்தேன். வேண்டாம், அவ வாயால ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம். இதக் குடிக்கச் சொல்லுங்க, போதும்."

நர்மதா டம்ளரைப் பார்த்தாள். கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். எடுத்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"பாலக்காட்டு டாக்டரம்மா குடுத்த மாத்திரைங்க. நீங்க ரோட்டுல வீசுனது. ஒரு மாசம் நல்லாத் தூங்குனீங்களே, அது பொங்கல் வெச்சதுனால இல்ல."

அர்த்தநாரி தொண்டையைச் செருமினார். "அப்புறம் தீரத் தீர அட்ட வாங்கியாந்தது நானுங்க மாப்ளே. தப்புன்னா என்னையுஞ் சேத்துத்தான் கேக்கோணும்."

"தப்புத்தானுங்கப்பா," என்றாள் நர்மதா. "டாக்டரம்மாகிட்டப் போன்ல கேட்டப்பக்கூட, ஒளிச்சுக் குடுக்காதே, சொல்லிக் குடுன்னுதான் திட்டுனாங்க. சொன்னா வீசிருவாரேன்னு பயந்துட்டேன். மனுசனுக்குத் தெரியாம அவன் வயித்துக்குள்ள ஒண்ணப் போடறது தப்பு. ஒத்துக்கறேன்." பூபதிராஜா பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா? எவனோ ஒருத்தன் துப்புனத நம்புனீங்க. கொல்ல வந்தவளாட்ட நாலு பேர் முன்னால குடிக்க வெச்சீங்களே!"

ஜானகியம்மாள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "அம்மா, கம்முனு இரு," என்று பூபதிராஜா போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது. பழைய கோபம் திரும்பி வந்திருந்தது, போக வேண்டிய இடத்துக்குத்தான் போனது. ஆனால் நேரம் கடந்துவிட்டது. நர்மதா அப்பாவோடு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் அவன் தனியாகவே பாலக்காட்டுக்குப் போனான். டாக்டரம்மாளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை, புரோட்டாவைக்கூடச் சொன்னான். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியதால்தான் தலையில் அந்தச் சுரீர் என்று அவள் சொன்னபோது, அவனுக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிறகு தினமும் தன் கையாலேயே எடுத்து விழுங்கினான். உடம்பு மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. எப்போதாவது நெஞ்சு அடித்துக்கொண்டால், அடி, அடித்துவிட்டுப் போ என்று அதனிடமே சொல்லப் பழகினான். நர்மதா தினமும் போனில் மட்டும் பேசினாள். மாத்திரை போட்டாச்சா என்பாள். அதற்குமேல் ஒன்றும் பேச மாட்டாள். ஒருநாள் அவளாகவே, "வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள். அவன் அன்றைக்கே வண்டியை எடுத்துவிட்டான்.

கொழிஞ்சாம்பாறையில் மாமனார் வீட்டு வாசலில் அவள் பை கட்டித் தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை. மருமகன் வந்தால் இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிவது அந்த வீட்டு வழக்கம். அர்த்தநாரி அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து மழை பற்றியும் தேங்காய் பற்றியும் பழமை பேசினார். நடந்ததைப் பற்றி ஒரு சொல் வரவில்லை. நல்ல மனிதர்.

நர்மதா வட்டலில் சந்தகையை வைத்துவிட்டு, தேங்காய்ப்பால் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்தாள். புதுப் பூ வைத்திருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கினான். சத்தியமாகச் சொல்கிறேன், அவன் மனதில் அந்த நேரம் ஒரு துளிச் சந்தேகம் கிடையாது. ஆனால் கிண்ணம் வாய்க்கு அருகே வந்ததும் கை நின்றது. மூக்கு ஒரு தடவை முகர்ந்தது. கண் அவள் கையில் இருந்த கரண்டிக்குப் போய்விட்டு வந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள். வெல்லமும் ஏலக்காயும்தான் மணத்தது.

அர்த்தநாரி பேச்சை நிறுத்தினார்.

"குடுங்க," என்று நர்மதா கையை நீட்டினாள். "நான் மொதல்ல குடிச்சுக் காட்டறேன்."

"ஐயோ, இல்ல புள்ள! சாமி சத்தியமா நான் ஒண்ணும் நெனைக்கல. என்னமோ அதுவா..." கிண்ணத்தை அப்படியே கவிழ்த்துக் குடித்தான். சூட்டில் நாக்கு வெந்தது. பால் தாடையில் வழிந்தது. குடித்து முடித்து, காலிக் கிண்ணத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"தெரியுங்க," என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. "நீங்க வேணும்னு பண்ணல. ஆனா மூணு வேளையும் நான் இதையே பாத்துட்டு இருக்க முடியாதுங்க."

சந்தகையை இன்னொரு பிடி வைத்து, "உண்டுபோட்டுப் போங்க," என்றாள். அப்புறம் வாசலுக்குப் போய்ப் பையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள்.