டி.வி.யைப் பார்த்துப் பேசுகிறவர்கள்

"அந்தப் பக்கம் நல்லாப் பிடிடா, கீழ போட்டுடாதே" என்று தம்பியை அதட்டிக்கொண்டே டி.வி.யின் ஒரு முனையைத் தூக்கினாள் பெரியவள். மருத்துவமனையிலிருந்து அப்பாவைக் கொண்டுவரும் வண்டி கிளம்பிவிட்டதாகச் சித்தப்பா போன் செய்திருந்தார். கூடத்தில் கட்டில் போட இடம் வேண்டும். சோபா வாசலுக்குப் போய்விட்டது. மிச்சம் இந்த டி.வி.யும் அதன் மேசையும்தான்.

"அது அங்கேயே இருக்கட்டும்."

சமையலறை வாசலில் அம்மா நின்றிருந்தாள். நேற்று மாலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை இது. அழக்கூட இல்லை.

"இடம் பத்தாதும்மா. வர்றவங்க எங்க நிப்பாங்க?" என்றான் தம்பி.

"வெளிய நிக்கட்டும். அதை நகர்த்தாதீங்க."

தம்பி அக்காவைப் பார்த்தான். துக்கத்தில் ஏதோ சொல்கிறாள், விடு என்று அவள் கண்ணைக் காட்டினாள். இறக்கி வைத்தபோது, பின்னாலிருந்து கேபிள் வயரின் நுனி நழுவித் தரையில் விழுந்தது. கறுப்பு டேப் சுற்றிய வெட்டுப்பட்ட நுனி. வெட்டச் சொன்னதே பெரியவள்தான்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தெருவில் பாதி வீடுகள் கேபிளுக்கு எப்போதோ முழுக்குப் போட்டுவிட்டன. இந்த வீட்டிலும் யார் உட்கார்ந்து பார்த்தார்கள்? பெரியவள் கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊராரின் கண்ணைச் சோதித்துவிட்டு வந்து, போனும் கையுமாகப் படுத்துவிடுவாள். தம்பி வேறு ஊரில். அப்பாவும் அம்மாவும் டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்த்ததைவிட அதனோடு பேசியதுதான் அதிகம். அந்த இரைச்சல் அவளுக்குத் தலைவலி. ஒருநாள் ஆளுக்கொரு போனும், காதில் மாட்டிக்கொள்ளும் சாமானும் வாங்கிவந்து கொடுத்து, "இனிமே உங்க சீரியல் உங்களுக்கு, அவர் செய்தி அவருக்கு, சண்டையே இல்லை" என்றாள். இருவரும் மறுபேச்சுப் பேசவில்லை. பெண் ஆசையாய் வாங்கிவந்திருக்கிறாளே!

சண்டை என்று சொன்னது சும்மா வாய்வார்த்தை. அந்த வீட்டில் சண்டை ஒரே ஒரு தடவைதான் நடந்தது. பெரியவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். வீடு நிறைய விருந்தாளிகள். அம்மா ஏதோ யோசனை சொல்ல, அப்பா எல்லார் முன்னாலும், "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது, வாயை மூடு" என்றார்.

மூடிவிட்டாள். அவ்வளவுதான். சமைத்தாள், துவைத்தாள், அவர் காய்ச்சலில் விழுந்தபோது தலைமாட்டிலேயே கிடந்தாள். அவரோடு மட்டும் பேசவில்லை. ஒரு வாரம் போனால் சரியாகிவிடும் என்று அப்பா இருந்தார். அப்புறம் அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "சாப்பாடு ஆச்சான்னு கேளு", "ஆச்சுன்னு சொல்லு" என்று பிள்ளைகள் இருவரும் கூடத்துக்கும் சமையலறைக்கும் தபால்காரர்களாக அலைந்தார்கள். வளர்ந்த பிறகு, "உங்க பஞ்சாயத்துக்கு நாங்க ஆளில்லை" என்று கைகழுவிவிட்டார்கள். அதற்குப் பிறகு பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று இருவரும் யோசித்ததே இல்லை.

டி.வி. ஓடிய நாட்களில் ஒரு மாலை பெரியவளுக்கு நினைவிருந்தது. அப்பா பிரம்பு நாற்காலியில், மடியில் பிஸ்கட் பொட்டலத்தோடு. அம்மா சமையலறை வாசலில் முக்காலி போட்டு. திரையில் சீரியல் கதாநாயகி கல்யாணப் புடவையில் விம்மிக்கொண்டிருக்கிறாள். அம்மா அவளிடம், "ராத்திரியெல்லாம் கால் மரத்துப் போகுதுன்னு புலம்பறது, பகல்ல இனிப்பை மொக்கறது. நல்லா இருக்கு நியாயம்!" என்றாள்.

"அம்மா, அந்தப் பொண்ணுக்கு எங்கம்மா சர்க்கரை?" என்று பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பா பொட்டலத்தை மடித்து ஓரமாக வைத்ததை அவள் கவனிக்கவில்லை.

வண்டி வந்தது. கட்டிலில் அப்பாவைக் கிடத்தினார்கள். கூடம் நெரிசலாகத்தான் இருந்தது. வந்தவர்கள் டி.வி. மேசையில் இடித்துக்கொண்டு நின்றார்கள். அம்மா முக்காலியில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "ஒரு தடவையாவது வாய்விட்டு அழுதுடுங்க அக்கா" என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். அம்மா அசையவில்லை.

கேபிள்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, கும்பிட்டு, பெரியவளின் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

"போன வாரம்கூட நம்ம கடைக்கு வந்தாரும்மா."

"அப்பாவா? எதுக்கு?"

"கனெக்‌ஷன் திரும்பக் குடுக்க முடியுமான்னு கேட்டாரு. இப்பவே வர்றேன் சார்னேன். வேணாம்ப்பா, பொண்ணு ஆசையா போன் வாங்கிக் குடுத்திருக்கு, மனசு சங்கடப்படும், பக்குவமாக் கேட்டுட்டுச் சொல்றேன்னாரு."

"என்கிட்ட கேக்கவே இல்லையே!"

"ஊரே வேணாம்னு வெட்டுது, உங்களுக்கு மட்டும் எந்த சீரியல் சார் விட்டுப்போச்சுன்னு நான் கேலிகூடப் பண்ணேன். அதுக்கு அவரு, சீரியலை யாருப்பா பார்த்தா, வீட்ல பேச்சுவார்த்தையே நின்னுபோச்சுன்னாரு. எனக்குப் புரியலம்மா."

பெரியவளுக்குப் புரிந்தது. மழைச் செய்தி வாசித்தவளிடம் அப்பா, "குடையை மறந்துட்டுப் போறவங்களை என்ன பண்றது?" என்று கேட்டது யாருக்கு? கிரிக்கெட்காரனிடம், "இன்னிக்குக் குழம்பு அமிர்தம்யா" என்று சொன்னாரே, அது யாருக்கு? எத்தனை வருஷம் இந்தக் கூடத்திலேயே இருந்திருக்கிறாள், ஒரு நாளாவது உறைத்ததா? கண்டதோடெல்லாம் பேசுகிற கிழங்கள் என்று கடையில் கூட வேலைசெய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள் பாவி.

எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டு, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அம்மா கொல்லைப்புறக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவளா அவள்? பெரியவளும் பக்கத்தில் குந்தினாள்.

"அம்மா, நேத்து என்னதான் ஆச்சு?"

அம்மா ஒரு குண்டானைத் தேய்த்து முடித்துக் கவிழ்த்தாள்.

"மத்தியானம் சாப்பிட்டு எந்திரிச்சாரு. நெஞ்சைத் தடவிக்கிட்டே நாற்காலியில உக்காந்தாரு. உள்ள இருந்து பார்த்தேன்."

"பார்த்தியா? என்னன்னு கேக்கலையாம்மா?"

"யாருகிட்ட கேக்கறது?" என்றாள் அம்மா. கோபமில்லை, குத்தலில்லை. கடைக்குப் போக வழி கேட்பது போலக் கேட்டாள். "அவரும் என்னைப் பார்த்தாரு. அப்புறம் டி.வி.யைப் பார்த்தாரு. அதுல ஒண்ணும் ஓடலை. நான் வாயைத் திறந்தேன்டி. சத்தியமாத் திறந்தேன். பழக்கம் விட்டுப்போச்சு, வரலை. காபி போட்டுக் குடுத்தா தெம்பா இருக்கும்னு உள்ள போனேன். கொண்டுவந்து வெச்சப்போ தலை சாஞ்சிருந்துச்சு."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவள் எட்டி அதை அடைத்தாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்மா" என்றாள். அம்மா, "நீ என்னடி பண்ணுவே?" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

மறுநாள் மாலை பெரியவள் கேபிள்காரரைக் கூப்பிட்டாள்.

"துக்க வீட்ல இப்பவேவா அக்கா? நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க" என்றான் தம்பி.

"பேசட்டும்."

கேபிள்காரர் டேப்பைப் பிரித்து, வயரைச் சீவி, மாட்டிக் கொடுத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். திரை வெளிச்சமாயிற்று. மெத்தை விற்கிற நிகழ்ச்சி ஏதோ ஓடியது. கோட்டுப் போட்ட ஒருவன் மெத்தையில் உட்காருவதும் எழுவதுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சமையலறை வாசலில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிரம்பு நாற்காலிப் பக்கம் திரும்பவில்லை. ரொம்ப நேரம் அந்த மெத்தைக்காரனையே பார்த்தாள்.

"எவ்வளவு அழுத்தம் பாரு இந்தாளுக்கு" என்றாள் அவனிடம். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

அவன் சிரித்தபடி மறுபடியும் மெத்தையில் உட்கார்ந்தான்.

"காபி ஆறிப்போச்சு" என்றாள் அம்மா.

பெரியவள் ரிமோட்டை எடுத்து, அம்மா பேசுவது கேட்கும்படி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தாள்.