கோழிக் கொட்டாய்க்கு ஒரு ஜன்னல்

ஒரே வாரத்தில் பதினொரு கோழி போய்விட்டது. பன்னிரண்டாவது இன்று காலையில் செத்துக் கிடந்தது. கால்நடை டாக்டர் வருவதாகச் சொல்லியிருந்ததால் செல்லம் அதைப் புதைக்காமல் ஒரு அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தாள்.

அவளுக்குக் கவலை கோழியைப் பற்றி மட்டுமில்லை. புருஷன் தங்கையாவுக்குத் தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு கொடுத்ததும், மனுஷன் ஆறு மாதம் வாய் திறக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லயத்து வீட்டுக்குப் பின்னால் கொட்டாய் போட்டு நூறு கறிக்கோழிக் குஞ்சு வாங்கி விட்ட பிறகுதான் பேச்சு வந்தது. அதுவும் கோழிகளிடம்தான் முதலில். இதுவும் போனால் மறுபடி சுவர்தான்.

"கண்ணு பட்டிருக்கு, மொளகா சுத்திப் போடு" என்று பக்கத்து வீட்டு சரோஜா சொன்னாள். சுத்திப் போட்டாயிற்று. தீனியை மாற்றியாயிற்று. தண்ணீரைக் காய்ச்சிக்கூட வைத்துப் பார்த்தார்கள்.

டாக்டர் யுவனேஸ்வரி தானா ராத்தா டவுனிலிருந்து வந்தாள். முப்பது வயதுதான் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு, கோழியைப் பலகையில் கிடத்தி வயிற்றைக் கீறினாள். மஞ்சளாகத் தண்ணீர் வழிந்தது.

"ஒட்டுவாரொட்டி நோய் மாதிரி தெரியல ஆன்ட்டி. வயித்துல தண்ணி கோத்திருக்கு. பாருங்க, இதயமும் வீங்கியிருக்கு. இது கிடுகிடுன்னு வளர்ற ஜாதி. மலையில காத்து லேசு, குளிரு வேற. நல்ல காத்து கெடைக்கலன்னா இதயம் தாங்காது."

கொட்டாய்க்குள் நுழைந்தவள் கண்ணைக் கசக்கினாள். எச்ச நெடி அப்படி. காய்கறித் தோட்டக்காரர்கள் செடிப் பந்தல் கூரையிலிருந்து கழித்துப் போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, நாலு பக்கமும் கூரை மோடு வரை ஆணியடித்திருந்தது. சந்துகளில் துணி திணித்திருந்தது.

"யாரு இப்படி மூச்சு விட எடமில்லாம மூடுனது?"

தங்கையா வாயைத் திறப்பதற்குள் செல்லம் முந்திக்கொண்டாள். "நான்தான் மூடுனேன் டாக்டர்."

"பொய் சொல்றா டாக்டரம்மா. முக்காலியில ஏறுனாலே இவளுக்கு மயக்கம் வரும். மோட்டுல ஆணியடிச்சாளாம்!" அவர் குரல் இறங்கியது. "நான்தான். குஞ்சுங்க நடுங்குச்சு, பாக்க முடியல. கடைசியில நானே கொன்னுட்டேன்."

"குஞ்சுக்கு மூடுனது சரிதான் அங்கிள். வளந்ததும் தெறந்திருக்கணும். கீழ காத்து அடிக்காம மூடியே விட்டுட்டு, மேல ஒரு முழம் தெறங்க. தரையில கெடக்குற ஈர மரத்தூள மாத்துங்க. தீனியக் கொஞ்சம் கொறைங்க. வயிறு வீங்குனது பொழைக்கிறது கஷ்டம். மத்தத காப்பாத்தலாம்."

"குளிருமேம்மா?"

"குளிரும். ஆனா மூச்சு விடும்லா."

டாக்டர் கிளம்பிப் போனதும் தங்கையா கொட்டாய் வாசலில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை செல்லத்துக்குத் தெரிந்த பார்வைதான்.

அவள் கொட்டாய்ச் சுவரில் ஏணியைச் சாய்த்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு ஒரு படி ஏறினாள். இரண்டாவது படியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏ புள்ள! கைய கால ஒடச்சுக்கவா? எறங்கு!" தங்கையா ஓடி வந்து ஏணியைப் பிடித்தார்.

"அப்போ நீங்க ஏறுங்க. நான் புடிச்சுக்கிறேன்."

அவர் ஏறினார். சந்திலிருந்த துணியைப் பிடுங்கிக் கீழே போட்டார். செல்லம் விரித்துப் பார்த்தாள். அவளுடைய நீல ஸ்வெட்டர்.

"அடப்பாவி மனுஷா! இத நான் பெட்டியெல்லாம் தேடுனேனே!"

"கோழிக்குக் குளிருமேன்னு..."

"எனக்குக் குளிராதா?"

மேலே ஒரு முழம் அறுபட்டது. தேயிலை மலைக் காற்று சில்லென்று உள்ளே இறங்கியது. கோழிகள் கழுத்தை நீட்டின.

"ஏய் குண்டம்மா," ஏணி மேலிருந்து தங்கையா ஒரு கோழியை அதட்டினார், "என்னடி முழிக்கிற? மூச்ச நல்லா இழுத்து விடு!"

செல்லம் ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.